பூசணிக்காய்க்கு வந்த நெஞ்சடைப்பு

இலங்கையில் போர் முடிந்த அந்தக் கோடையில் ரொறன்ரோத் தமிழரின் நெஞ்செல்லாம் படபடத்தது. ஊரில் யார் மிச்சம் என்று தெரியாத காலம். அந்தப் படபடப்பில் நல்ல வியாபாரம் இருப்பதைச் சச்சிதானந்தன் கண்டுகொண்டார். நகரின் ரூஜ் பகுதியில் ஒரு வீட்டு பேஸ்மென்ட். கதவில் ‘இதயக் கீரை ஞானி’ என்ற பலகை. தெரு நிறையக் கார்கள். பக்கத்து மார்க்கம் நகரில் கம்ப்யூட்டர் வேலை பார்ப்பவர்களும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்கள். படித்தவர்கள் அல்லவா, வரிசை மட்டும் ஒழுங்காக இருந்தது.

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டுக்காரி குணவதி அன்ரியும் அங்கே நின்றார்; துணைக்கு நான். அவருடைய மகன் வவுனியா அகதி முகாமில். அவன் வந்துசேரும்வரை உயிரோடு இருக்க வேண்டும், அவ்வளவுதான் அவருடைய ஆசை. அதற்காக, டொக்டர் கொடுத்த இதயக் குளிசைகளை ஒரு வாரமாக நிறுத்தியிருந்தார்! ஞானியின் நிபந்தனை அது.

வைத்தியம் எளிது. பட்டு போர்த்திய பெட்டியிலிருந்து ஒரு பசளிக்கீரை இலையை எடுத்து நெஞ்சில் வைப்பார். கறுத்தால் அடைப்பு. எல்லோருக்கும் கறுத்தது. பிறகு மந்திரித்த கீரைச்சாறு ஒரு போத்தல் வாங்கிக் குடிக்க வேண்டும். குடித்ததும் கூடையிலிருந்து இன்னோர் இலை வைப்பார். அது பச்சையாகவே இருக்கும். நெஞ்சு சுகம்!

அன்ரியின் முறை வந்தது.

“கூசுதோ அம்மா?”

“ஓம் ஐயா, ஐஸ் மாதிரிக் குளிருது.”

“சக்தி இறங்குது!”

இலை துவண்டு கறுத்தது. அன்ரி அழத் தொடங்கினார்.

மாலை வகுப்பில் நான் விஞ்ஞானம் படிக்கிறேன். சோதனையில் ஒரே நேரத்தில் இரண்டு விஷயங்களை மாற்றாதே என்பார் ஆசிரியர். இங்கே சாறும் இலையும் ஒன்றாக அல்லவா மாறுகின்றன? போன பரீட்சையில் எனக்குப் பாதிப் புள்ளிதான். பிழை என்னுடையதாகவும் இருக்கலாம். இருந்தாலும் கேட்டேன்.

“அண்ணை, சாறு குடிக்க முதல் கூடை இலையை வையுங்கோ பாப்பம்.”

“தம்பி, உது விளையாட்டில்லை.”

“வையுங்கோவன்!” என்றார் பின்னால் நின்ற கஸ்பர் அங்கிள். “சக்திக்கு வெக்கமோ?”

நானே எடுத்து அன்ரியின் நெஞ்சில் வைத்தேன். சாறு ஒரு சொட்டும் குடிக்காத நெஞ்சில் இலை பச்சையாகவே கிடந்தது. பிறகு பெட்டி இலை ஒன்றைப் பூசை மேசையிலிருந்த பூசணிக்காயின் மேல் வைத்தேன். எல்லோரும் எட்டிப் பார்த்தார்கள். கொஞ்ச நேரத்தில் அதுவும் கறுத்தது.

“ஐயோ, பூசணிக்காய்க்கும் அடைப்பு! அம்புலன்ஸுக்கு அடியுங்கோ!” என்று கத்திய கஸ்பர் அங்கிள் பெட்டியின் பட்டுத் துணியை உருவினார். உள்ளே ஐஸ் கட்டிகள், நடுவில் உறைந்த பசளி. உறைந்த இலை இளகினால் கறுக்கும். அதற்கு நெஞ்சே தேவையில்லை.

ஞானி பின்கதவைத் தேடினார். வரிசையில் ஒருவர் மட்டும் பணிவாகக் கேட்டார்: “அப்ப, கூடை இலைக்குச் சக்தி இருக்குதானே?”

அன்ரி கண்ணைத் துடைத்தார். “தம்பி, இப்பவே டொக்டரிட்டக் கூட்டிக்கொண்டு போ. பிள்ளை வரேக்க நான் இருக்கோணும்.”

கீரை நெஞ்சுக்கு நல்லதுதான். கடைந்து சோற்றோடு சாப்பிடுங்கள். சாப்பிடும்போது, ஃப்ரீசரில் வைத்திருக்கும் மூளையையும் கொஞ்சம் வெளியே எடுத்து வையுங்கள்.