என் கால் அரசாங்கத் தரையில் படாது

பெருமதிப்பிற்குரிய மாமா அவர்களுக்கு,

உங்கள் மூத்த மகளைக் கட்டிக்கொண்ட பூட்டுக்கடைக்காரன் பணிவோடு எழுதுவது. இங்கே நாங்கள் இருவரும் சௌக்கியம். அங்கே நீங்களும் அத்தையும் சௌக்கியமாக இருக்க வேண்டும். ஒருவேளை ஜலதோஷம், காய்ச்சல் என்று ஏதாவது வந்தால் அரசாங்க ஆஸ்பத்திரிக்கு மட்டும்தான் போகலாம், தெருமுனை மருந்துக்கடையில் ஒரு மாத்திரைகூட வாங்கக் கூடாது என்பதை மரியாதையோடு நினைவுபடுத்துகிறேன். பந்தயம் பந்தயம்தான்.

உங்கள் மூக்குக்கண்ணாடி உடைந்துவிட்டதாகவும், கண்ணாடிக் கடைக்காரன் தனியார் ஆசாமி என்பதால் நீங்கள் அதைச் சரிசெய்ய மறுப்பதாகவும், அத்தைதான் எல்லாவற்றையும் படித்துக் காட்டுவதாகவும் மச்சான் போனில் சொன்னான். படிக்கும் அத்தைக்கும் விவரம் தெரிய வேண்டும் என்பதால் பந்தயத்தை ஒருமுறை எழுதிவிடுகிறேன். உங்கள் மகளுக்கு அரசாங்கப் பெரிய ஆஸ்பத்திரியின் தையல் பிரிவில் நிரந்தர வேலை வந்திருக்கிறது. டாக்டர் கோட்டு, நோயாளி அங்கி, தலையணை உறை, இதெல்லாம் தைக்க வேண்டும். மாதச் சம்பளம், இலவச வைத்தியம், கடைசியில் பென்ஷன். நீங்கள் போகட்டும் என்றீர்கள். நான் கூடாது, சொந்தமாகக் கடை போடட்டும், யாருக்கும் கைகட்டி நிற்க வேண்டாம் என்றேன். சாப்பாட்டு மேசையில் பேச்சு முற்றி, "அரசாங்கம் இல்லாம ஒரு மாசம் இருந்து காட்டுங்க மாப்பிள்ளை, பாக்கலாம்" என்று நீங்கள் சொல்ல, "கடைக்காரன் இல்லாம ஒரு மாசம் நீங்க இருந்து காட்டுங்க மாமா" என்று நான் சொல்ல, ஜெயித்தவர் சொல்லும் இடத்துக்கு உங்கள் மகள் போவது என்று முடிவானது. உங்கள் மகள் தண்ணீர்ச் செம்போடு நின்றுகொண்டு, "நான் ஒண்ணு சொல்லலாமா?" என்று கேட்டாள். நாம் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் "நீ கொஞ்சம் இரும்மா" என்றோம். அன்றைக்கு நாம் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

முதலில் சாலை விஷயம். சாலைக்கு நான் வரி கட்டுகிறேன், ஆகவே அது நான் விலைகொடுத்து வாங்கியது என்று வாதாடிப் பார்த்தேன். நீங்கள் "வரி என்ன கடை பில்லா?" என்று மடக்கிவிட்டீர்கள். சரி, சாலையே வேண்டாம். இப்போது வீட்டுப் பின்சுவரில் ஏறிக் குதித்தால் சலவைக்காரர் முற்றம், அதைத் தாண்டினால் மரக்கடைக் கிடங்கு, அதைத் தாண்டினால் மருந்துக்கடையின் பின்வாசல். உள்ளே நுழைந்து முன்வாசலுக்கு வந்து, அந்தக் கடைப் படியிலிருந்து ஒரே தாவல், நேராக என் கடைப் பலகையில் இறங்கிவிடுவேன். இரண்டு பக்கம் தகரம், பின்பக்கம் நூலகத்துச் சுவர், யாருக்கும் வாடகை தராத என் சொந்த சாம்ராஜ்யம். என் கால் அரசாங்கத் தரையில் படுவதே இல்லை. முதல் நாள் சலவைக்காரர், "என் முத்தத்துல நடக்குறதுக்கு என்ன குடுப்பீங்க?" என்று கேட்டார். எனக்குக் கோபம் வரவில்லை, பெருமையாகத்தான் இருந்தது. சந்தை என்றால் இதுதானே! அவர் அதிகம் கேட்டால் பக்கத்து அச்சகக்காரரின் முற்றம் இருக்கிறது, இருவரும் போட்டி போடட்டும், விலை தானாக இறங்கும் என்று இருவரிடமும் பேச்சுக் கொடுத்தேன். மறுநாள் காலையில் இரண்டு பேரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டே இரண்டு மடங்கு விலை சொன்னார்கள். சண்டை போட்டுக்கொள்ளுங்கள் என்று இன்றைக்கும் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன், சிரிக்கிறார்கள். இந்தப் பேரம் முடிந்து கடை திறக்க நேரமாகிவிடுவதால் விடிவதற்குள் வீட்டைவிட்டுக் கிளம்பவேண்டியிருக்கிறது.

அடுத்தது தண்ணீர். குழாயை மூடிவிட்டேன். லாரித் தண்ணீர்தான் வாங்குகிறோம். லாரிக்காரர் எங்கே பிடிக்கிறார் என்று உங்கள் மகள் கேட்கச் சொன்னாள். வாங்குகிறவன் அதையெல்லாம் துருவித் துருவிக் கேட்பது வியாபார நாகரிகம் இல்லை என்று சொல்லிவிட்டேன். நீங்கள் தண்ணீர் ஆபீசிலேயே இருந்து ஓய்வு பெற்றவர். உங்களுக்குத் தெரிந்திருந்தாலும் சொல்ல வேண்டாம். கரண்டும் கிடையாது என்பதால் சாவி வெட்டும் மெஷினுக்கு வாடகை ஜெனரேட்டர் ஒன்று கொண்டுவந்து வைத்தேன். அது போடும் சத்தத்தில் வாடிக்கையாளர் அலமாரிச் சாவி என்று சொன்னால் எனக்கு ஆட்டோச் சாவி என்று கேட்கிறது என்று நினைக்காதீர்கள், அந்த அளவுக்குக்கூட இல்லை, ஒன்றுமே கேட்பதில்லை. நூலகத்தில் படிக்க வருகிறவர்கள் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்து முறைக்கிறார்கள். நூலகத்து அம்மா இரண்டு முறை வெளியே வந்து பலகையைப் பார்த்தார், சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், ஒன்றும் சொல்லாமல் உள்ளே போய்விட்டார். நல்ல மனுஷி. பிறகு நானே ஜெனரேட்டரைத் திருப்பிக் கொடுத்துவிட்டுக் கையால் அரம்போட்டுச் சாவி ராவுகிறேன். விரலெல்லாம் கொப்புளம். ஆனால் சுதந்திரமான கொப்புளம் மாமா.

இப்போது டீச்சரம்மா விஷயம். உங்களுக்கு யாராவது திரித்துச் சொல்வதற்குள் நானே சொல்லிவிடுகிறேன். என் கடைக்கு நேர் எதிர்வீட்டு டீச்சரம்மா அடுப்பில் பாத்திரத்தை வைத்துவிட்டு வெளியே வந்திருக்கிறார், கதவு தானாகச் சாத்திக்கொண்டுவிட்டது. "ஐயோ, பூட்டுக்காரரே, ஓடி வாங்க!" என்று கத்தினார். நான் கம்பியும் கையுமாகப் பலகையின் விளிம்புவரை ஓடி நின்றுவிட்டேன். நடுவில் சாலை! ஒரே சாலைதான், பத்து எட்டு வைத்தால் போதும், ஒரு நொடியில் திறந்துவிடுவேன். ஆனால் எட்டு வைத்தால் உங்கள் மகளின் கடை போச்சு. என் மூளை அந்த நேரத்தில் என்ன நினைத்ததோ, "அம்மா, கதவை இங்க கொண்டுவர முடியுமா?" என்று கேட்டுவிட்டேன். "கதவைக் கழட்டத் தெரிஞ்சா உன்னை ஏன்யா கூப்பிடுறேன்?" என்று அவர் அலறினார். சலவைக்காரரின் தள்ளுவண்டியில் ஏறிப் போனால் கால் படாது என்று தோன்றி அவரைக் கூப்பிட்டேன். அவர் அவசரத்துக்கு ஒரு கூலி, சாதாரணத்துக்கு ஒரு கூலி என்று ஆரம்பிக்க, நாங்கள் பேசி முடிப்பதற்குள் தீயணைப்பு வண்டி மணியடித்துக்கொண்டு வந்து, கோடாலியால் ஒரே போடு. கதவு இரண்டு துண்டு. பார்த்தீர்களா மாமா, நான் ஒரு கீறல் இல்லாமல் திறந்திருப்பேன், உங்கள் அரசாங்கத்துக்குக் கோடாலிதான் தெரியும்! புதுப்பூட்டை என்னிடம்தான் வாங்குவார் என்று எடுத்துத் துடைத்து வைத்திருந்தேன். அடுத்த தெருக் கடையில் வாங்கிவிட்டார். அதுவும் அவருடைய சுதந்திரம்தான், நான் குறை சொல்லவில்லை. என்னைப் பார்த்தால் ஜன்னலைச் சாத்துவதுதான் கொஞ்சம் கஷ்டமாக இருக்கிறது.

உங்கள் கதையும் எனக்குத் தெரியாமல் இல்லை. செருப்பு வார் அறுந்து, தைக்கிறவர் தனியார் என்பதால் சணல் கயிற்றால் கட்டிக்கொண்டு நடக்கிறீர்களாம். மூன்று வேளையும் ஆஸ்பத்திரிக் கேன்டீனில் வரிசையில் நிற்கிறீர்களாம், நர்ஸ் உங்களை நோயாளி என்று நினைத்து ஊசி போட்டுக் கையில் பஞ்சை வைத்து அழுத்திவிட்டாராம். முடி காதைத் தாண்டிவிட்டது, அரசாங்க முடிதிருத்தகம் எங்கும் இல்லை, கடைசியில் சிறைச்சாலை வாசலுக்கே போய் அங்கே வெட்டிவிடுவார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். காவல்காரர், "உள்ள வந்தாத்தான் சார் வெட்டுவோம்" என்றாராம். மச்சான் இதைச் சொல்லும்போது நான் சிரிக்கவில்லை. சிரித்தேன், ஆனால் மரியாதையோடு சிரித்தேன்.

விளையாட்டுக்காக நான் இப்படி ஒற்றைக்காலில் நிற்கவில்லை மாமா. கடை வைப்பதற்குமுன் நான் ஒரு பட்டறையில் இருந்தேன். கக்கூசுக்குப் போகவேண்டும் என்றால்கூட மேஸ்திரியைப் பார்த்துக் கை தூக்க வேண்டும். அவர் வேண்டுமென்றே வேறுபக்கம் பார்ப்பார். மீசை முளைத்த ஆள், கையைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். உங்கள் மகள் அப்படி யார் முன்னாலும் நிற்கக் கூடாது. நீங்கள் சொன்னதையும் நான் மறக்கவில்லை. அத்தைக்கு ஆபரேஷன் நடந்தபோது உங்கள் வேலை மட்டும் இல்லாவிட்டால் அத்தை இன்றைக்கு இல்லை என்று சொன்னீர்கள். அதற்கு என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாததால்தான் பந்தயத்தை இன்னும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டிருக்கிறேன்.

உங்கள் மகளைப் பற்றிக் கவலை வேண்டாம். இப்போதே அவளுக்குச் சுதந்திரமான தொழில் சூடுபிடித்துவிட்டது. ஒரு வாரமாகத் தோழி வீட்டுக்குப் போய்த் தைக்கிறாளாம், நான் கடையிலிருந்து திரும்பும்போது மடியில் வெள்ளைத்துணிகளைக் குவித்து வைத்துக்கொண்டு பொத்தான் கட்டிக்கொண்டிருக்கிறாள். முகத்தில் ஒரு களை. "பார், யார் கட்டளையும் இல்லாம உழைச்சா எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள். இதைவிடச் சாட்சி வேண்டுமா? ஆகவே நீங்கள் தலைகீழாக நின்றாலும் நான் பின்வாங்கப்போவதில்லை. மருந்துக்கடைக்காரர் படியை இடித்துக் கட்டப்போகிறாராம், கட்டட்டும், இன்னும் தூரமாகத் தாவுவேன். மாதக் கடைசியில் நீங்கள் வாயை மூடிக்கொள்ளத் தயாராக இருங்கள் என்று பணிவன்புடன் கேட்டுக்கொள்கிறேன்.

அத்தைக்கு என் வணக்கமும், கண் வலிக்க இத்தனை பக்கம் படித்ததற்கு என் நன்றியும். மச்சானுக்கு அன்பு. உங்கள் ஆசீர்வாதம் எனக்கு எப்போதும் வேண்டும். இந்த மாதம் மட்டும் அதைப் பந்தயத்தில் சேர்க்காமல் தனியாக அனுப்பவும்.

இப்படிக்கு,
தங்கள் அடங்காத மருமகன்

பின்குறிப்பு: அப்பா, இது உங்க மூத்த மக. இவர் கடிதத்தை என் கையில குடுத்து "போட்டுடு"ன்னு சொல்லிட்டுச் சுவரேறிக் குதிச்சுப் போயிட்டார். எங்கே போடணும்னு சொல்லல. கூரியர்க்காரர் கேக்குறது ரொம்ப அதிகம், அதனால தபால்பெட்டியிலதான் போடறேன். அப்போ இது உங்க கைக்கு வந்தாலே இவர் தோத்துட்டார். அது கிடக்கட்டும். இவர் தாவித் தாவி இறங்குற அந்தப் பலகை நடைபாதையில நிக்குதுப்பா. சாஞ்சிருக்கிறது அரசாங்க நூலகத்துச் சுவர்ல. கடை வெச்ச நாள்லேருந்து அரசாங்க இடத்துல வாடகை இல்லாம உக்காந்திருக்கார். அன்னிக்கு நான் சொல்ல வந்தது இதைத்தான். ரெண்டு பேரும் "நீ கொஞ்சம் இரும்மா"ன்னுட்டீங்க, இருந்துட்டேன்.

நீங்களும் ரொம்பச் சிரிக்க வேணாம். டீக்கடைக்காரர் தினமும் பின்வாசல் வழியா உங்களுக்கு டீ கொண்டுவர்றதை அம்மா சொல்லிட்டாங்க. அது வியாபாரம் இல்ல, உபசாரம்னு சொன்னீங்களாமே!

தோழி வீடும் இல்ல, ஒண்ணும் இல்ல. ஆஸ்பத்திரி வேலையில சேந்து ஒரு வாரமாச்சு. நீங்க ஜெயிச்சதா நினைக்காதீங்க. சாயங்காலத்துல இவர் கடையில பாதியில என் மெஷினையும் போடப்போறேன், நூலகத்து அம்மாகிட்ட கேட்டேன், சுவரை அழுக்காக்காம இருந்தா சரின்னாங்க. போன வருஷம் ஒரு அம்மா ஒரே சட்டையை நாலு தடவை பிரிச்சுத் தைக்க வெச்சுட்டுக் கூலியும் குடுக்காமப் போனாங்க. மறுபடி வரமாட்டாங்களேங்கற பயத்துல சிரிச்சுக்கிட்டே வழியனுப்பினேன், அப்புறம் உள்ள போய் அழுதேன். இனி அவங்க வந்தா "வேற கடை பாருங்கம்மா"ன்னு சொல்லுவேன், எனக்குச் சம்பளம் இருக்கு. ஆஸ்பத்திரியில எவராவது என்னைக் கை தூக்கி நிக்கச் சொன்னா "போய்ட்டு வரேன் சார்"ன்னு சொல்லுவேன், எனக்குக் கடை இருக்கு. எனக்கு வேண்டியது அவ்வளவுதாம்ப்பா. உங்க ரெண்டு பேர்ல யாரும் அதைக் கேக்கவே இல்ல.

இவர்கிட்ட இன்னும் சொல்லல. மாசக் கடைசிவரைக்கும் தாவட்டும், தொப்பை குறைஞ்சிருக்கு. நீங்க போய் முடி வெட்டிக்கோங்க.