எழுந்து நின்ற குற்றம்

ஃபலனிகோ எழுந்து நின்றதுதான் தாமதம், தேங்காயெண்ணெய்க் கம்பெனியின் அபியா நகர அலுவலகத்தில் அத்தனை வாயும் ஒன்றாகத் திறந்துகொண்டது.

"ஏம்பா, உக்காரு!" கோகோக் கோப்பைகளோடு வந்த லோசா கிசுகிசுத்தாள். "தலைவர் உக்காந்திருக்கார். உன் தலை அவர் தலைக்கு மேல நிக்குது!"

பொத்தென்று உட்கார்ந்தான். முதுகு 'கடக்' என்றது.

சீலாபா வெறும் மேலாளராக இருந்திருந்தால் பரவாயில்லை. ஊர்த் தலைவராகவும் இருந்து தொலைத்தார். அவர் உட்கார்ந்திருக்கையில் யாரும் நிமிர்ந்து நிற்பதில்லை. அவர் எழுந்தால் அன்றைய வேலை முடிந்தது என்று அர்த்தம். சுவர்க் கடிகாரத்தை எவனும் மதிப்பதில்லை. போன மாதம் ஒருநாள் காலை பத்து மணிக்கே எழுந்துவிட்டார். காரணம் கேட்டால் மனம் மாறிவிடுவார் என்று யாரும் கேட்கவில்லை. வாழ்த்திக்கொண்டே கடலில் குளிக்கப் போனார்கள்.

ஆனால் ஃபலனிகோவிடம் டாக்டர் சொல்லிவிட்டாரே! "அரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நில்லுங்க. இப்படியே உக்காந்திருந்தீங்கன்னா, சனிக்கிழமை பொண்ணு கல்யாணத்துல நாற்காலியோட சேர்ந்துதான் ஆடணும்."

மகள் ஆடும்போது பக்கத்தில் அப்பன் குதித்துக் கூத்தடிக்காவிட்டால் அது என்ன கல்யாணம்? சம்பந்தி வீட்டார் பேசியே கொன்றுவிடுவார்கள்.

செவ்வாயன்று குனிந்து நின்று பார்த்தான். பெரியவர்களைக் கடந்துபோகிறவன் குனிந்து, "துலோ, துலோ" என்று மன்னிப்புக் கேட்டபடி போவது வழக்கம். இவன் குனிந்தானே தவிர எங்கும் போகவில்லை.

"போறதுன்னா போய்த் தொலையேன்!" காலை ஒதுக்கி ஒதுக்கிச் சலித்துப்போன அடுத்த மேசை தாவிதா கத்தினான். "காலையிலேர்ந்து கடந்துக்கிட்டே இருக்கே!"

சாயங்காலம் முதுகு நிமிர மறுத்தது. பேருந்தில் குனிந்தபடியே வீடு போய்ச் சேர்ந்தான். மரியாதை தெரிந்தவன் என்று பெயர் கிடைத்தது.

புதனன்று மூளை வேலை செய்தது. என்னால் தாழ முடியாவிட்டால் என்ன, அவர் உயரலாமே! எண்ணெய்ப் பெட்டிகளை அடுக்கி, மேலே பாய் விரித்து, நாற்காலியைப் போட்டான்.

"எதுக்குப்பா இது?" என்றார் சீலாபா.

"உங்க தகுதிக்கு எங்களுக்குச் சமமா உக்காரலாமா, தலைவரே?"

சீலாபா ஒரு பெருமூச்சோடு ஏறி உட்கார்ந்தார். மின்விசிறிக்கும் அவருக்கும் நடுவே நிறைய இடமில்லை. ஃபலனிகோ நிமிர்ந்து நின்றான். ஆகா, என்ன சுகம்!

அந்த நேரம் பார்த்துத் தேங்காய் விலை கேட்க ஒரு குடும்பம் உள்ளே வந்தது. உயரத்தில் தலைவரைக் கண்டதும் ஊர்க்கூட்டம் என்று நினைத்து, தரையில் சம்மணமிட்டு அமர்ந்தது. பின்னால் வந்தவர்களும் அமர்ந்தார்கள். நமக்கேன் வம்பு என்று தாவிதாவும் நாற்காலியை விட்டு இறங்கினான். ஊரே தரையில் இருக்க ஒருவன் மட்டும் நிற்பதா? ஃபலனிகோவும் சம்மணமிட்டான். இருந்த நாற்காலியும் போயிற்று.

"லோசாக்கா, நீங்களாவது தலைவர்கிட்ட சொல்லுங்க," என்று அழாத குறையாகக் கெஞ்சினான். "ஒரே ஒரு நிமிஷம் எழுந்திரிக்கச் சொல்லுங்க. அந்தச் சாக்குல நானும் நின்னுக்கறேன்."

லோசா அண்ணாந்து பார்த்தாள். மேலே சீலாபா இடுப்பைப் பிடித்துக்கொண்டு நெளிந்துகொண்டிருந்தார்.

"அவருதான் போன மாசமே எழுந்திரிச்சுப் பார்த்தாரேப்பா! உனக்குச் சொன்ன அதே டாக்டர்தான் அவருக்கும் சொன்னாரு. நீங்கதான் பையைத் தூக்கிட்டுக் கடலுக்குக் குளிக்கப் போயிட்டீங்க."