கிராம்பு மெல்லும் மந்திரி

"பொய் செல்ல முந்தி ஒரு கிராம்ப எடுத்து வாயில போட்டுக்குவானாமே?"

"யாரச் செல்றீங்க, ஹாஜியார்?"

"மந்திரி."

"எந்த மந்திரி?"

"ஏழ்மலை நாட்டு மந்திரி. விருபாகன். ராசாவுக்குப் பக்கத்துலயே நின்டுக்கிட்டு எதிரிக்கு ஆள் அனுப்புறவன்."

இதைச் சொல்லிவிட்டு ஸக்கரியா ஹாஜியார் மேசை லாச்சியைத் திறந்து ஒரு கிராம்பை எடுத்தார். வாய்வரை கொண்டுபோனவர், ஏதோ நினைத்துக்கொண்டு அதைத் திரும்ப உள்ளே போட்டு லாச்சியைச் சாத்தினார்.

எதிரே நின்ற ஆதிபா அந்த லாச்சியையே பார்த்தாள்.

பலாபத்வல ரோட்டோரத்தில் இருக்கும் அவருடைய மிளகு, கிராம்பு ஸ்டோரில் அவளுக்குக் கம்பியூட்டர் வேலை. அது ஹாஜியாருக்குத் தெரிந்த வேலை. தெரியாத வேலை ஒன்றும் இருந்தது. 'வடகாற்று' என்ற பொய்ப்பெயரில் முகநூலில் வாராவாரம் தொடர்கதை எழுதிக்கொண்டிருந்தாள். ஏழ்மலை நாடும் அவளுடையது, மந்திரியும் அவளுடையவன். பனி கொட்டும் தூரதேசத்து நாவல்களை மொழிபெயர்ப்பில் வாசித்து வளர்ந்தவள் அவள். விருபாகனும் அப்படியொரு பனிமூட்டத்துக்குள்ளிருந்து குதிரையேறி வந்தவன் என்றே நம்பியிருந்தாள். அவன் இந்த லாச்சிக்குள்ளிருந்து வந்தவன் என்பது அவளுக்கே இந்த நிமிஷம்தான் தெரிந்தது.

"யாரோ நம்மட ஸ்டோருக்குள்ள ஈந்துக்கிட்டுத்தான் எழுதுறாங்க மகள். நாம மொளகு காயப் போடுற எடத்தக்கூட அரண்மன முற்றம்ன்டு எழுதி ஈக்கிது."

"ஹாஜியாருக்கு இத யாரு செல்லித் தந்த?"

"அது ஒனக்கு என்னத்துக்கு? நீதான் பொஸ்தகம் வாசிக்கிற புள்ள. எழுதுறது யாருன்டு கண்டுபுடி. புடிச்சுத் தந்தா அன்டைக்கே அவங்களுக்கு வாசலக் காட்டிருவேன்."

இப்படியாக, தன்னைத் தானே தேடிப் பிடிக்கும் பொறுப்பு ஆதிபாவின் தலையில் விழுந்தது.

வேலை போனால் வீடு. வீடென்றால் அக்குறணையில் உம்மா பார்த்து வைத்திருக்கும் மாப்பிள்ளை. அதைக்கூடச் சமாளித்துவிடலாம். ஆனால் கதை நின்றுபோகும். அவள் வீட்டில் தம்பிமார் போடுகிற சத்தத்தில் ஒரு ராஜாவுக்கு நிம்மதியாக முடிசூட்ட முடியாது. ஸ்டோரின் தடித்த சுவருக்குள் ஃபோனில் சிக்னல் வராது. வாசலில் இருக்கும் காவல் கொட்டிலில் மட்டும்தான் வரும். பகல் சாப்பாட்டு வேளையில் அங்கே போய் உட்கார்ந்து, ஃபோனை வாயருகே பிடித்து அத்தியாயத்தைச் சொல்வாள். சொல்லச் சொல்ல அது எழுத்தாகிவிடும்.

கொட்டிலில் சுந்தரம்மா இருப்பாள். வீட்டுக்குப் போகும் பெண்களின் பைகளில் கிராம்போ ஏலக்காயோ இருக்கிறதா என்று சோதிப்பதும், லொறி வந்தால் கேட்டைத் திறப்பதும் அவள் வேலை. இரத்தோட்டை பஸ்ஸில் வந்து போகிறவள். வாய் நிறைய எந்நேரமும் வெற்றிலை. அதனால் பேச்சு கிடையாது. ஏதாவது கேட்டால் "ம்ம்" என்பாள், அல்லது ரோட்டைப் பார்ப்பாள்.

கதையின் முடிவை ஆதிபா தொடக்கத்திலேயே தீர்மானித்திருந்தாள். வடக்கு வாசலில் வாசற்காரி கதவைத் திறப்பாள், பனியில் மந்திரியின் தலை உருளும். அந்த வாக்கியத்தை நினைக்கும்போதெல்லாம் அவளுக்கே கண் கலங்கும். இப்போது அந்தத் தலையைக் காப்பாற்றினால்தான் தன் தலை தப்பும்.

அன்றைக்கே கொட்டிலுக்குப் போய் ஃபோனைப் பிடித்தாள்.

"விருபாகன் பொய்யன் அல்லன். அரசருக்கு வரும் ஒவ்வோர் உணவையும் அவருக்கு முன்பாகச் சுவைத்துப் பார்ப்பவன். நாக்கில் தங்கிய நஞ்சின் கசப்பைப் போக்கவே அவன் கிராம்பை மென்றான்."

சுந்தரம்மாவின் தாடை ஒரு கணம் நின்று, பிறகு மறுபடி அசைந்தது.

ஓரிரு நாளில் ஹாஜியார் கூப்பிட்டனுப்பினார். வாயில் கிராம்பு இருந்தது.

"அந்த மந்திரி நல்ல மனிசன் போல ஈக்கிதே. பாவம், யாருக்கும் வெளங்கல்ல அவர." தாடியைத் தடவிக்கொண்டார். "அப்ப நஞ்சு வெச்சது யாரு?"

இதை ஆதிபா யோசித்திருக்கவில்லை. நஞ்சு என்று எழுதியாயிற்று, வைத்தவர் வேண்டுமே. அடுத்த அத்தியாயத்தில் அவசரத்துக்கு ஒருத்தியைக் கொண்டுவந்தாள். அரண்மனைக் களஞ்சியக்காரி சேந்தி. இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க நடப்பவள்.

மறுநாள் இடுப்பில் சாவிக்கொத்து குலுங்க ஜெஸ்லா வந்து அவள் மேசையருகே நின்றாள். ஸ்டோர் ரூம் முழுக்க அவள் பொறுப்பு. கூடவே தேத்தண்ணி ஊற்றுவதும் அவள்தான்.

"சாவிக்கொத்த சொருகிக்கிட்டுப் போய் சோத்துல நஞ்சு வெச்சாளாம் ஒருத்தி. இந்த ஸ்டோர்ல சாவி சொருகுறது யாரு ஆதிபா?"

"நீங்கதான் ராத்தா."

"எழுதினது யாருன்டு எனக்கு மட்டும் தெரியட்டும். என்ட கையாலதானே எல்லாரும் தேத்தண்ணி குடிக்கிறாங்க."

அன்றிலிருந்து ஆதிபா தேத்தண்ணியை முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடித்தாள்.

சேந்தியையும் கரையேற்ற வேண்டியதாயிற்று. அவளுடைய ஒரே பிள்ளை எதிரி நாட்டு இளவரசன் அருவனிடம் சிறைப்பட்டிருக்கிறது, நஞ்சு வைக்காவிட்டால் பிள்ளை போய்விடும் என்று எழுதினாள். ஜெஸ்லா மறுநாள் கண் சிவந்து வந்து, "பெத்தவ வேற என்னத்தச் செய்ற?" என்று சொல்லி, வீட்டில் செய்த ரோல்ஸ் இரண்டை மேசையில் வைத்துவிட்டுப் போனாள். ஆதிபா அவற்றையும் முகர்ந்து பார்த்தாள்.

ஆனால் அருவன் தன் வாளில் முகம் பார்த்துத் தலை வாருகிறவன். ஹாஜியாரின் மகன் றம்ஸீன் லொறியின் பக்கக் கண்ணாடியில் பார்த்துத் தலை வாருகிறவன்.

"எனக்கிப் புள்ள புடிக்கிற பழக்கமா ஈக்கிது?" என்றான் றம்ஸீன், அன்று மாலை, சீப்பைக் கையில் வைத்துக்கொண்டு. "எழுதுறது ஜெஸ்லா ராத்தாதான். பாருங்க, அவட ஆள மட்டும் அழுதழுது நல்லவளாக்கிட்டா. இத வாப்பாக்கிட்ட நீங்களே செல்லுங்க."

"ஆதாரம் வேணுமே."

"சாவி அவக்கிட்டத்தானே ஈக்கிது."

அருவனும் திருந்தினான். பிள்ளையைச் சிறைப்பிடித்ததே, நஞ்சு வைக்கச் சொன்ன தன் தகப்பனான கொடுங்கோல் அரசனிடமிருந்து அதைக் காப்பாற்றத்தான் என்று தெரியவந்தது. ஒரு விடியற்காலையில் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு அருவன் கட்சி மாறி வடக்கு வாசலுக்கு வந்தான். வாசற்காரி கதவைத் திறந்தாள்.

றம்ஸீன் அன்று முழுக்க நிமிர்ந்து நடந்தான். ஹாஜியார்தான் நிம்மதியில்லாமல் வந்து நின்றார்.

"மகள், எனக்கி ஒண்டு வெளங்கல்ல. அருவன் றம்ஸீன்டா, அவன்ட வாப்பா யாரு?"

ஆதிபா கம்பியூட்டர் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"மந்திரியும் நான், எதிரி ராசாவும் நானா? ரெண்டு பக்கமும் நானே நின்டுக்கிட்டு எனக்கி நானே நஞ்சு அனுப்புறேனா?"

அவர் முகத்தில் கோபத்தைவிடக் கவலைதான் அதிகமாக இருந்தது. அடுத்த அத்தியாயத்தில் மந்திரியும் கொடுங்கோலனும் சிறுவயதில் பிரிந்த சகோதரர்கள் ஆனார்கள்.

கதையில் இப்போது கெட்டவர் என்று ஒருவரும் மிச்சமில்லை. தாங்கள் யார் பக்கம் என்று அவர்களுக்கே தெரியவில்லை. 'இதில் ஒருவரையும் முழுதாக வெறுக்கவும் முடியவில்லை, நம்பவும் முடியவில்லை. மனித மனத்தை எவ்வளவு ஆழமாகப் பார்த்திருக்கிறீர்கள்' என்று கனடாவிலிருந்து ஒருவர் எழுதியிருந்தார். அது ஆழமில்லை, பயம் என்று ஆதிபாவால் பதில் எழுத முடியவில்லை.

ஸ்டோருக்குள்ளும் அதே நிலைமைதான். ஜெஸ்லா வந்து றம்ஸீனைக் காட்டிக் கொடுத்தாள். றம்ஸீன் இரண்டாம் முறை வந்தபோது ஜெஸ்லாவை விட்டுவிட்டு, "வாப்பாதான் எழுதுறாரு. மந்திரியப் பாருங்களேன், வரவர ஒரு பாவமும் அறியாத அவுலியா மாதிரி ஆகிட்டாரு" என்றான். ஹாஜியார் எல்லோரையும் சந்தேகித்தார். ஆதிபா எல்லோருடைய இரகசியத்தையும் கேட்டு, எல்லோருக்கும் தலையாட்டினாள். அவளை உறுத்தியது வேறு சந்தேகம். வெளிநாட்டில் கொஞ்சப் பேர் வாசிக்கும் ஒரு கதை, இந்த மூன்று பேருடைய காதுக்கு மட்டும் எப்படி இத்தனை சரியாக வந்து சேர்கிறது?

ஹாஜியாரின் பொறுமை ஒரு வெள்ளிக்கிழமை முடிந்தது.

"இன்டைக்கு ஜும்ஆ முடிஞ்சு வந்ததும் எனக்கிப் பேரு வேணும்" என்றார் தொப்பியைப் போட்டுக்கொண்டே. "இல்லாட்டி ஒனக்கும் இதுல பங்கு ஈக்கிதுன்டுதான் நான் நெனைக்கணும் மகள்."

ஆண்கள் தொழுகைக்குப் பள்ளிக்குப் போனதும் ஸ்டோர் அடங்கியது. ஆதிபா கொட்டிலில் போய் உட்கார்ந்தாள். ஃபோனைக் கையில் எடுத்தும் ஒரு சொல் வரவில்லை.

"யாரோ ஒவ்வொருத்தர்ட காதுலயும் ஊதி உடுறாங்க சுந்தரம்மாக்கா" என்றாள், ரோட்டுக்குச் சொல்வதுபோல. "அது யாருன்டுதான் புடிபடல்ல."

சுந்தரம்மா எழுந்து வெளியே போனாள். வெற்றிலையைத் துப்பி, போத்தல் தண்ணீரில் வாயைக் கொப்பளித்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். அவள் வாய் வெறுமையாக இருந்து ஆதிபா பார்ப்பது அதுதான் முதல் தடவை.

"நாந்தாங்க ஊதுனேன்."

"நீங்களா?"

"கோவிச்சுக்காதீங்க தங்கச்சி. மொதல்ல எல்லாம் நீங்க போனுக்குச் சொல்றதக் கேட்டுக்கிட்டே தூங்கிருவேன். கெட்டவன் கெட்டவனாவே இருந்தான். தல போகப்போவுதுன்னு அன்னைக்கே தெரிஞ்சிருச்சு. சும்மா ஒரு நாளு ஹாஜியார் காதுல போட்டுப் பாத்தேன். பாத்தா, அடுத்த நாளே அந்தாளு நஞ்ச நக்கிப் பாத்து ராசாவக் காப்பாத்துறாரு. எனக்கு அப்புடியே புல்லரிச்சுப் போச்சு. அப்புறம்தான் ஜெஸ்லாம்மாகிட்ட சொன்னேன், சின்ன மொதலாளிகிட்ட சொன்னேன். சொல்லச் சொல்ல கத சும்மா பிச்சுக்கிட்டுப் போவுது."

"அக்கா, என்ட வேல போயிரும்."

"எழுதுறது நீங்கன்னு நான் யாருக்கும் சொல்லலியே. ஹாஜியாருதான் காலையிலயும் கேட்டாரு, கொட்டில்ல மத்தியானம் யாரு குந்துறான்னு. பள்ளிக்குப் போயிட்டு வாங்க, சொல்றேன்னேன்."

வெளியே ஹாஜியாரின் வேன் வந்து நின்றது. ஹோர்ன் அடித்தது. சுந்தரம்மா ஆற அமர எழுந்து போய் கேட்டின் தாழ்ப்பாளில் கையை வைத்தாள். திறக்கவில்லை. ஹோர்ன் மறுபடி நீளமாக அடித்தது. அவள் திரும்பி, ஒரு வேண்டுதல் போலத் தணிந்த குரலில் சொன்னாள்:

"எல்லாருக்கும் ரெண்டு மொகம் குடுத்துட்டீங்க. அந்த வடக்கு வாசல்ல ஒருத்தி நிக்கிறாளே, அவ கத தொடங்குனதுலருந்து கதவத் தொறக்குறா, கதவச் சாத்துறா, அவ்வளவுதான். அவளுக்கும் ஒரே ஒரு துரோகம் எழுதிக் குடுங்களேன் தங்கச்சி."