மாமியின் தாலாட்டும் நாலு பெட்டிகளும்

முஸ்பிறா மதினி வீட்டுப் பெட்டி மறுபடியும் அணைந்துவிட்டது.

பகற்சோற்று மயக்கத்தில் கிடந்த றிபாஸ் அரைக்கண்ணால் மடிக்கணினியைப் பார்த்தான். மூன்று பச்சைப் புள்ளிகளில் ஒன்று சாம்பலாகியிருந்தது.

மருதமுனையில் ஒரே வளவுக்குள் நிற்கும் மூன்று வீடுகளும் மாமி தன் பெண்மக்களான முஸ்பிறா, றிபாஸின் மனைவி ஸுல்பிகா, இளையவள் இன்ஷிரா ஆகியோருக்குச் சீதனமாகக் கட்டிக்கொடுத்தவை. வீடியோக்களைச் சேமிக்கும் கணினிப் பெட்டியை வீட்டுக்கொன்றாக வைத்து, மூன்றையும் இணைத்திருந்தான் றிபாஸ். எந்நேரமும் இரண்டு பிரதிகள் உயிரோடிருக்க வேண்டும். ஒரு பெட்டி அணைந்தால், மிஞ்சியிருப்பது மூன்றாவதில் புதிதாய் ஒன்றை எழுதிவிடும்.

கலியாண வீடியோக்களுக்காகவா இத்தனை பாடு? இல்லை. மௌத்தாகி மண்ணுக்குள் போய்விட்ட மாமியின் தாலாட்டு அதற்குள் இருந்தது. அவன் மாப்பிள்ளையாக வந்த புதிதில், முஸ்பிறாவின் பிள்ளையை ஆட்டிக்கொண்டு மாமி பாடியது. கைக்குழந்தையிலேயே உம்மாவை இழந்த றிபாஸுக்கு அதுதான் வாழ்க்கையில் கிடைத்த ஒரே தாலாட்டு. போட்டால் இரண்டாம் அடியிலேயே தூங்கிவிடுவான். மருமக்களில் மாமிக்குத் தன்மேல்தான் உயிர் என்று அவன் மனதார நம்பினான். மகனின் நாற்பதாம் நாள் விருந்தில் அந்தத் தாலாட்டை ஊரறிய ஒலிபெருக்கியில் போடப்போகிறான். போனில் இடமில்லாமல் மூலத்தைக்கூட அழித்துவிட்டான். மூன்று பெட்டி இருக்கையில் என்ன பயம்?

"மதினி, பெட்டியக் கழட்டினீங்களா?"

"ஓம் தம்பி. ரைஸ் குக்கருக்கு பிளக் காணாது."

நீட்டு வயர் வாங்கிக் கொடுத்தான். அடுத்த நாள் இளைய மச்சி இன்ஷிராவின் பெட்டி போயிற்று.

"அந்த நீல வெளிச்சத்தால புள்ளைக்குக் கனவு வருகுது மச்சான். மறுகா போடுறன்."

பெட்டி செத்ததென்று முடிவுகட்ட மற்றவை ஒரு மணிநேரம் காத்திருக்கும். றிபாஸ் அதை ஒரு நிமிடமாக்கினான். அதன்பிறகு கரண்ட் கண்சிமிட்டினாலே கலியாணங்கள் எல்லாம் வீடுவீடாகப் பிரதியெடுக்கப்பட்டன. டேட்டா தீர்ந்தது. கத்தாரிலிருந்து வீடியோவில் கதைத்த இன்ஷிராவின் புருசன் திறந்த வாயோடு உறைந்து நின்றார்.

"இந்த மனிசன் வாய மூடுற வரைக்கும் ஒண்டையும் போடமாட்டன்!" என்று இன்ஷிரா எல்லாவற்றையும் கழற்றினாள்.

ஒரே வளவை நம்பக்கூடாது என்று புரிந்தது. காரைதீவுச் சிநேகிதன் குணத்தின் வீட்டில் நாலாவது பெட்டியை வைத்தான். அன்று பின்னேரம் கடற்காற்றில் கண்ணயர்ந்தபோது, தாலாட்டு ஈரக்காலோடு கடற்கரையோரமாய்க் காரைதீவுக்கு நடந்துபோவதைக் கண்டான். போய்ச் சேர்ந்தும்விட்டது. குணத்தின் புள்ளி பச்சையாக ஒளிர்ந்தது.

விருந்தன்று காலையில் மதினியின் பெட்டியும் இன்ஷிராவின் பெட்டியும் சாம்பல். சொந்த வீட்டுப் பெட்டியின் இடத்தில் பிளெண்டர் சுழன்றது.

"ஸுல்பிகா! நீயுமா?"

"சம்பல் அரைக்க வேணாமா? அதான் காரைதீவில ஒண்டு இரிக்கே."

பந்தலில் சனம் நிறைந்தது. றிபாஸ் ஒலிவாங்கியைப் பிடித்தான். "இப்ப நம்மட மாமிட குரல்..."

குணத்தின் புள்ளியும் சாம்பலாயிற்று.

திரையில் 'பிரதி எதுவும் கிடைக்கவில்லை' என்று வந்தது. எத்தனை தடவை தட்டியும் அதேதான்; கழற்றிய பெட்டிகளை எங்கே வைத்தார்கள் என்று வீட்டில் யாருக்கும் ஞாபகமில்லையாம். இரண்டாவது தடவையும் உம்மாவை இழந்தவன் போல அவன் ஒலிவாங்கியைக் கீழே வைத்தான். ஜன்னலருகில் அக்காள் தங்கை மூவரும் "அல்ஹம்துலில்லாஹ்" என்று ஒரே மூச்சாய்ப் பெருமூச்சு விட்டார்கள். ஸுல்பிகா, "சாப்பாட்ட வைங்க!" என்று உற்சாகமாய்க் கூவினாள். அவனுக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தன.

சாப்பாடு பாதி நடக்கையில் குணம் கையில் ஒரு பையோடு பந்தலுக்குள் வந்தான். பைக்குள் நாலாவது பெட்டி இருந்தது.

"நீயுமாடா கழட்டின?"

குணம் அவனை ஓரமாய் இழுத்துப்போய்க் காதோடு சொன்னான்: "அக்கா தங்கச்சி மூண்டு பேரும் போன் எடுத்துக் கழட்டச் சொல்லிக் கெஞ்சினாங்க மச்சான், நீ நித்திரையாகிற இடத்துக்குப் பிறகு அதில பாட்டே இல்ல, 'இந்தத் தூங்குமூஞ்சிக்கா வீடும் கட்டி என்ட கிளி மாதிரிப் புள்ளையையும் குடுத்தன்' எண்டு மாமி உன்னைத்தான் ஏசுறா."