மச்சானின் மீசைக்கு இரண்டு நாள் பயிற்சி

புதன்கிழமை காலை பத்தே காலுக்கு மச்சானின் மீசை காணாமல் போனது.

மச்சான் பத்திரமாகத்தான் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மதியச் சாப்பாட்டுக்கு வருகிறேன் என்று போன்கூடப் பண்ணியிருந்தார். காணாமல் போனது அவர் படத்து மீசை. ஹாலில் சோபாவுக்கு நேர் எதிரே முப்பத்தொரு வருஷமாகத் தொங்குகிற எண்ணெய் ஓவியம் அது.

போர்டுக்காரர் நாற்காலி மேல் நின்றுகொண்டிருந்தார். கையில் டர்பன்டைனில் நனைத்த துணி. நாற்பது வருஷம் கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதியதால் ஊருக்கெல்லாம் அவர் போர்டுக்காரர். அவர் ஆசைப்பட்டது மீசையின் இடது நுனியில் ஒரு விரற்கடை மட்டும்தான். மச்சானின் முறுக்கு கொஞ்சம் குறையட்டுமே என்று துணியை வைத்தார். ஒரே இழுப்பு. நுனியோடு மொத்த மீசையும் துணிக்கு வந்துவிட்டது.

நுனி மேல் அப்படி என்ன கோபம் என்று கேட்கலாம். கல்யாணத்துக்கு மறுநாள் நாலு பேர் நடுவில் இந்த மச்சான் சொன்னார்: "மாப்பிள்ளை ஓவியர்னாங்க. பார்த்தா எழுத்து அடிக்கிறவரு!" சொன்னதோடு விட்டாரா? நிஜ ஓவியர் ஒருவரைப் பிடித்துத் தன் முகத்தை வரையச் சொல்லி, அதையே தங்கைக்குப் பரிசாகவும் கொடுத்தார். அன்று முதல் போர்டுக்காரர் பேப்பர் படிப்பது, பல் குத்துவது எல்லாமே அந்த மீசையின் மேற்பார்வையில்தான். இதை மறக்க மனுஷன் என்ன மரமா?

ஆனால் இப்போது அவருக்குக் கோபம் வரவில்லை. பயம்தான் வந்தது. போன தடவை மச்சானை ஒரு வார்த்தை சொன்னதற்கு மனைவி நாலு மாதம் பேசவில்லை. சமையலில் உப்பும் பேசவில்லை.

பக்கத்து வீட்டுக்குப் போயிருந்த மனைவி திரும்பி வரும்போது, அவர் படத்தைப் போர்வையில் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றார்.

"ஏங்க, எங்க அண்ணனை எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

"சட்டத்துல பூச்சி."

"எனக்குத் தெரியலையே?"

"உள்ளுக்குள்ள அரிக்குது."

"உங்களுக்கா, சட்டத்துக்கா?"

"தச்சர்கிட்ட குடுத்துட்டு வர்றேன். வெள்ளிக்கிழமை ஆகும்."

"ஆகட்டும், ஆகட்டும். ஞாயித்துக்கிழமை எங்க அண்ணன் வாசல்ல வந்து நிக்கும்போது, எங்க அண்ணன் சுவத்துல இருக்கணும். அவ்வளவுதான்."

இவ்வளவு சுலபமாக விட்டுவிட்டாளே என்று அவருக்கு அப்போதே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

பெயிண்ட் கடைச் சுவரில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. எண்ணெய் ஓவியப் பயிற்சிப் பட்டறை, வியாழன், வெள்ளி, இரண்டு நாள், கலைஞர்களுக்கு மட்டும். அந்த 'மட்டும்' அவரைக் கொஞ்சம் சுட்டது. இருந்தாலும் பெயர் கொடுத்துச் சேர்ந்தார்.

மாடியில் ஒரு நீள அறை. ஜன்னல் ஓரமாகப் பத்துப் பன்னிரண்டு ஸ்டாண்டுகள். அறை முழுக்க ஆளி விதை எண்ணெய் வாசனை. மற்றவர்கள் வெள்ளைத் துணி விரித்த மேஜையில் இருந்த ஜாடியை வரைந்தார்கள். போர்டுக்காரர் மச்சானை விரித்தார்.

சொல்லிக்கொடுத்தவள் அவர் மகள் வயசுப் பெண். கண்டிப்பானவள்.

"ஜாடியை வரையலையா, ஐயா?"

"எனக்கு மீசை மட்டும் போதும், டீச்சர்."

"மீசை மட்டும் சொல்லித்தர முடியாது. முதல்ல அடிப்படை. எல்லாரும் கேளுங்க. அடியில மெலிசு, மேல கொழுப்பு!"

போர்டுக்காரர் நிமிர்ந்தார். "என்ன கொழுப்பு?"

"எண்ணெய்தான் கொழுப்பு. முதல் பூச்சுல டர்பன்டைன் கலந்து மெலிசா வைக்கணும். மேல போகப் போக எண்ணெய் கூடணும். அடியிலேயே கொழுப்பை வச்சா, மேல இருக்கிறது வெடிச்சிடும்."

"எங்க வீட்டுல அடியிலிருந்து நுனி வரைக்கும் கொழுப்புதான், டீச்சர். வெடிக்கிறது நான் ஒருத்தன்தான்."

யாரும் சிரிக்கவில்லை. கலைஞர்கள்.

"சரி, இது எப்பக் காயும்?" அவருக்கு அதுதான் கவலை. போர்டு பெயிண்ட் அடித்துவிட்டு ஒரு டீ குடித்து வந்தால் காய்ந்திருக்கும்.

"மெலிசா வச்சா ரெண்டு மூணு நாள். கொழுப்பா வச்சா வாரக்கணக்குல ஆகும்."

அவர் விரல் விட்டு எண்ணினார். வெள்ளி, சனி, ஞாயிறு. மெலிசுதான் கதி.

அன்று முழுக்க அட்டையில் மீசை வரைந்து பழகினார். முதல் மீசை கம்பளிப்பூச்சி. இரண்டாவது 'ஃ'. எழுத்து அடித்த கையாச்சே, எதை வரைந்தாலும் எழுத்தில் போய் நின்றது. இருபதாவதுதான் மீசை மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமை மூச்சைப் பிடித்துக்கொண்டு மச்சான் முகத்தில் மெலிசாக வைத்தார். பார்த்தால் பத்தாம் வகுப்புப் பையனின் அரும்பு மீசை! மச்சானுக்கு அரும்பு மீசையா? ஞாயிற்றுக்கிழமை கொலை விழும். டப்பாவிலிருந்த கறுப்பை அள்ளி, எண்ணெயும் விட்டு, மேலே அப்பினார். மீசை பளபளவென்று எழுந்து நின்றது.

டீச்சர் குனிந்து பார்த்தாள். "கொழுப்பு ஜாஸ்தி."

"அவருக்கு நிஜத்துலயும் அப்படித்தான்."

"பழைய மீசை எப்படிப் போச்சு?"

அவர் குரலைத் தணித்தார். "டர்பன்டைன் போட்டுத் துடைச்சேன்."

"வாய்ப்பே இல்லையே. முப்பது வருஷம் காய்ஞ்ச எண்ணெய் வண்ணம் கல்லு மாதிரி. ஒரு துடைப்புல வராது. இங்க பாருங்க, உதட்டுக்கு மேல கீறல். யாரோ முன்னாடியே நார் வச்சு அழுத்தித் தேய்ச்சிருக்காங்க. நீங்க துடைச்சது மேல பூசின வேற ஏதோ. துணி இருக்கா?"

இருந்தது. முகர்ந்து பார்த்தாள். விரலில் தேய்த்தும் பார்த்தாள்.

"இது கண்மை, ஐயா."

போர்டுக்காரர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். வீட்டில் பாத்திரம் தேய்க்கிற நாரும் கண்மையும் யார் கையில் இருக்கின்றன? அடிப்பாவி!

ஈரம் எதிலும் படாமல் படத்தை நெஞ்சுக்கு முன்னால் ஏந்திக்கொண்டு பஸ்ஸில் ஏறினார். ஒரு அம்மாள் எழுந்து இடம் கொடுத்தாள்.

"ஐயோ பாவம். உங்க சொந்தமா? எப்போ போனார்?"

"ஞாயித்துக்கிழமை வர்றார்."

அந்த அம்மாள் அடுத்த நிறுத்தத்தில் இறங்கிவிட்டாள்.

சனிக்கிழமை அவர் மீசையை விட்டு நகரவில்லை. மின்விசிறியைத் திருப்பி வைத்தார். விசிறி மட்டையால் விசிறினார். வாயால் ஊதினார். மனைவி பத்துத் தடவை அந்தப் பக்கம் வந்தாள், பத்துத் தடவையும் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டால்கூட இவ்வளவு பயமாக இருந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை மச்சான் வந்தார். செருப்பைக்கூடக் கழற்றாமல் நேரே தன் படத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"அடடா! மீசையில என்ன ஒரு மினுமினுப்பு! அப்படியே நான்தான்." ஆசையாக விரலால் முறுக்கிவிட்டார். படத்து மீசை பாதி அவர் விரலோடு வந்தது. அதே விரலால் தன் மீசையையும் முறுக்கினார். கன்னம் வரைக்கும் கறுப்பு.

"மாப்பிள்ளை! என்னய்யா இது, ஈரமா இருக்கு?"

"எனக்கு ஒண்ணும் தெரியாது, அண்ணா. இவர்தான் சட்டம் மாத்தணும்னு எடுத்துட்டுப் போனார்" என்றாள் மனைவி. முகத்தில் பச்சைப்பிள்ளையின் சாந்தம்.

முப்பத்தொரு வருஷக் கடுப்பு போர்டுக்காரரின் தொண்டைக்கு வந்தது. இரண்டு நாளாகப் பொத்தி வைத்திருந்த வெடியைக் கொளுத்திப் போட்டார்.

"மச்சான், உங்க தங்கச்சியைக் கேளுங்க! நாரை வச்சுத் தேய்ச்சு உங்க மீசையை எடுத்ததே இவதான். எடுத்துட்டு, கண்மையில மீசை வரைஞ்சு, அது உங்க மீசைதான்னு எல்லாரையும் நம்ப வச்சிருக்கா! இல்லைன்னு சொல்லச் சொல்லுங்க பார்ப்போம்!"

மச்சான் தங்கையைப் பார்த்தார். தங்கை பதறவில்லை. முந்தானையால் அண்ணன் கன்னத்தைத் துடைத்தாள். பிறகு நிதானமாகப் புருஷன் பக்கம் திரும்பினாள்.

"ஆமாங்க. ஒட்டடை தட்டும்போது தெரியாம அழுத்தித் தேய்ச்சுட்டேன். அண்ணன் மனசு நோகக் கூடாதேன்னு கண்மையில வரைஞ்சேன். ஆறு மாசமா ஒரு ஈ காக்காய்க்குக்கூடத் தெரியாது. தொடாதவங்களுக்குத் தெரியவும் தெரியாது. அது கண்மைன்னு உங்களுக்கு எப்படிங்க தெரிஞ்சது?"