முட்டையைப் படுக்க வைத்தவள்

கோழிப்பண்ணைக்காரர் வீட்டுப் பெண்ணுக்கு முட்டையைப் பற்றி எல்லாம் தெரிந்திருக்கும் என்று உலகம் நம்புகிறது. அந்த நம்பிக்கையைக் கெடுக்க எனக்கு மனசு வந்ததே இல்லை. வினை அங்கேதான் ஆரம்பித்தது.

நாமக்கல் பக்கம் எங்களுக்குப் பண்ணை. நானோ அந்த வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடியவள். ("நீ படி சாமி, முட்டைய நாங்க பாத்துக்கறோம்" என்று அம்மா ஒருதரம் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன்.) அப்படிப் படித்துப் படித்து, டிசைன் படிக்க இங்கிலாந்துக்கே போய்விட்டேன்.

அங்கே மார்கரெட் என்று ஒரு பேராசிரியை. முதல் பருவம் முழுக்க ஒரே வேலைதான் கொடுத்தார். ஏதாவது ஒரு பொருளை வைத்து எடுத்துப்போகப் புதிதாக ஒரு பெட்டி செய்ய வேண்டும், செய்வதை வாராவாரம் வலைப்பூவில் எழுத வேண்டும். பாதி மதிப்பெண் பெட்டிக்கு, பாதி எழுத்துக்கு. தேறாவிட்டால் அந்த வருடத்தையே மறுபடி படிக்க வேண்டும்.

"வெளிநாட்டிலிருந்து வந்தவர்கள் வகுப்பில் வாய் திறக்கவே கூச்சப்படுகிறீர்கள். பரவாயில்லை, எழுதுங்கள். தெரிந்ததை அல்ல, தெரியாததை எழுதுங்கள்" என்றார்.

நானா தெரியாததை எழுதுவேன்? "நான் முட்டைகளின் ஊரில் பிறந்தவள்" என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தேன். முட்டையின் மனம் எனக்குத் தெரியும் என்றுகூட ஒரு வரி உண்டு. (இப்போது படித்தாலும் காது சூடாகிறது.) நான் வரைந்த பெட்டியில் ஆறு முட்டைகளும் குட்டி மெத்தைகளில் சாய்ந்து படுத்திருக்கும். அதற்கு "ஓய்வு" என்று பெயர் வேறு வைத்தேன். வகுப்பில் டென்மார்க்கிலிருந்து வந்திருந்த ஒருவன், "வடிவங்களுக்கு நடுவே உள்ள மௌனம் அபாரம்" என்று கருத்து எழுதினான். எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

அதற்கு நேர் கீழே அடுத்த கருத்து, தமிழில்: "சாப்டியா சாமி? போட்டோவுல கண்ணெல்லாம் உள்ள போயிருக்குது."

எழுதியது செல்வி அண்ணி, என் அண்ணன் மனைவி. பண்ணையில் முட்டை அடுக்கி லாரியில் ஏற்றி அனுப்புவதெல்லாம் அவர் பொறுப்பு. என் ஆங்கிலத்தைப் போனிலேயே தமிழாக்கிப் படித்திருக்கிறார். மௌனத்துக்குக் கீழே சாப்பாடா என்று எனக்கு மானம் போயிற்று. உடனே அழித்தேன்.

அடுத்த வாரமும் வந்தது. "பொட்டி அழகா இருக்குது. ஆனா முட்டையப் படுக்க வெக்காத சாமி. வண்டி குலுங்குனா உருண்டு ஒண்ணோட ஒண்ணு மோதிக்கும். கூர்முனை கீழ பாத்து நிக்கோணும்."

படித்தேன். அடுக்குகிறவருக்கு டிசைன் எப்படிப் புரியும் என்று நினைத்தேன். (ஆமாம், அப்படியேதான் நினைத்தேன்.) அதையும் அழித்தேன்.

சோதனை நாள் வந்தது. பெட்டியைச் சைக்கிள் கூடையில் வைத்துக் கல்லூரி முற்றத்தை இரண்டு சுற்று சுற்ற வேண்டும். முற்றம் முழுக்கக் கல் பாவியது. "முட்டைகளின் ஊர்ப் பெட்டி, நானே ஓட்டுகிறேன்" என்று மார்கரெட் ஆசையாக ஏறினார். ஒரு சுற்று முடிவதற்குள் கூடையிலிருந்து மஞ்சளாக ஒரு கோடு இறங்கி, அவர் போட்டிருந்த வெள்ளைக் கோட்டில் ஏறியது. அவருக்கு அது தெரியவில்லை. எங்களைப் பார்த்துக் கையசைத்துக்கொண்டே இன்னொரு சுற்றும் போனார்.

இறங்கிப் பெட்டியைத் திறந்தார். ஆறும் காலி.

"நிரந்தர ஓய்வு" என்றான் டென்மார்க்காரன்.

கோட்டைத் துடைத்துக்கொண்டே மார்கரெட் என்னை அறைக்குக் கூப்பிட்டார். வருடம் போயிற்று என்று அழத் தயாராகப் போனேன்.

"செல்வி யார்?" என்று கேட்டார்.

வலைப்பூவில் யார் கருத்து எழுதினாலும் அவருக்கும் மின்னஞ்சலில் ஒரு நகல் போய்விடும் என்பது எனக்குத் தெரியாது. அவரும் மொழிபெயர்த்துப் படித்திருக்கிறார். ("கடவுளே, சாப்பிட்டாயா?" என்று வந்ததாம். அதற்குமேல் விசாரிக்கத் தயங்கியிருக்கிறார்.)

"இந்த வகுப்பு வலைப்பூக்களிலேயே உருப்படியான ஒரே கருத்து அவருடையது. நீ ஏன் அழித்தாய்?"

வெட்கமாக இருந்தது, இந்தத் தடவை அண்ணியை நினைத்து அல்ல. "பெட்டிக்குப் பூஜ்யம். இனி வலைப்பூதான் உன்னைக் காப்பாற்ற வேண்டும்" என்று அனுப்பிவிட்டார்.

அறைக்கு வந்ததும் அண்ணிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டேன்.

"அழிச்சது நீதானா? போடறதெல்லாம் காணாமப் போகுதேன்னு, போன் கெட்டுப்போச்சுன்னு உன்ற அண்ணங்கிட்ட சண்டை கட்டிப் புதுப் போன் வாங்கிட்டனே. இத அவருகிட்டச் சொல்லிப்போடாத."

அன்றைக்கு எழுதினேன்: "எனக்கு முட்டையைப் பற்றி ஒன்றுமே தெரியாது." அழித்த கருத்துகளை மார்கரெட்டிடம் இருந்த நகலிலிருந்து எடுத்து மேலேயே போட்டேன். அதன்பின் வாராவாரம் நான் கேட்டேன், அண்ணி சொன்னார், வகுப்பே வந்து படித்தது. டென்மார்க்காரன்கூட அவரிடம் சந்தேகம் கேட்டான். (அவனையும் சாப்பிட்டானா என்று விசாரித்தார்.) தட்டுத்தடுமாறித் தேறினேன்.

வருடங்கள் கழிந்தும் இன்னமும் வலைப்பூ எழுதுகிறேன். போன மாதம் என் மகள் பிறந்தாள். ஒருக்களித்துத் தூங்குகிறவளின் படத்தைப் போட்டேன். முதல் கருத்து யாருடையது என்று சொல்ல வேண்டியதில்லை.

"கொழந்தையப் படுக்க வெக்கலாம் சாமி, தப்பில்ல. நீ சாப்டியா?"