மோப்பத்தின் தட்டுச் சோறு

சப்ரகமுவ மாகாணத்திலேயே சோற்றைக் கண்டு பயந்த ஒரே மனிதன் எங்கள் மோப்பம்தான். பாம்புக்குப் பயப்பட மாட்டான். றக்வானை மலைப்பாதை வளைவுகளில் பஸ் மிதிபலகையில் தொங்கிக்கொண்டே வருவான். ஒரு தட்டுச் சோற்றை முன்னால் வைத்தால் மட்டும் நெற்றி வியர்த்துவிடும்.

அவன் றக்வானைப் பக்கத் தேயிலைத் தோட்டம். நான் ருவான்வெல்லை றப்பர் தோட்டம். கம்பஸ் ஹொஸ்டலில் ஒரே அறை. எதையும் மூக்கருகே கொண்டுபோய், கண்ணை மூடி மோந்து பார்த்த பிறகே வாயில் வைப்பான். முதல் வாரமே பெயர் விழுந்துவிட்டது.

கன்டீன் நடத்திய நானாவை அவன் படுத்திய பாடு சொல்லி மாளாது.

"நானா, இந்தப் பருப்பு எப்ப எறக்குனது?"

"இப்பதான் தம்பி."

"இப்பன்னா, காலையிலயா இப்பவா?"

"பருப்புக்கெல்லாம் நான் ஜாதகம் எழுதி வைக்கல தம்பி."

யாருக்காவது பிறந்தநாள் என்றால் கொத்து ரொட்டி வாங்குவோம். இவன் சாப்பிடாமல் எங்கள் முகங்களையே பார்த்துக்கொண்டிருப்பான். யாருக்கும் ஒன்றும் ஆகாது என்று அவனுக்கு நம்பிக்கை வரும்போது தட்டில் வெங்காயத் துண்டு மட்டும் மிச்சமிருக்கும்.

"தோல் உள்ள சாமான நம்பலாம் மச்சான்," என்பான். வாழைப்பழம், அவித்த முட்டை, கச்சான் கடலை. அதிலேயே காலம் தள்ளினான்.

ஒருநாள் காரணத்தைச் சொன்னான். உயர்தரப் பரீட்சையன்று காலையில் டவுனில் சோற்றுப் பார்சல் வாங்கித் தின்றிருக்கிறான். பாதிப் பரீட்சை கழிப்பறையில் போயிற்று. மறுபடி எழுத வேண்டியதாயிற்று.

"அம்மா கொழுந்து எடுத்துட்டு வந்து பேசாம உக்காந்திருக்கும். அந்த வருஷம் பூரா என்னை ஒரு வார்த்தை ஏசல மச்சான். அதான் பயமா இருந்துச்சி."

அதற்குப் பிறகு அவனைக் கேலி செய்ய எனக்கு வாய் வரவில்லை.

இறுதிப் பரீட்சை நெருங்க நெருங்க, தோல் உள்ளவற்றின் மேலும் சந்தேகம் வந்துவிட்டது. முட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுவான். கடைசியில் பிஸ்கட்டும் பிளேன்டீயும்தான். கழுத்தெலும்பு துருத்திக்கொண்டு நின்றது. எனக்குப் படிப்பதை விட இவனைப் பார்ப்பதே வேலையாகிவிட்டது.

பரீட்சை தொடங்கும் காலையில், மண்டபத்துக்கு ஏறும் படிகளில் என் தோளைப் பிடித்தான்.

"மச்சான், படியெல்லாம் ரெண்டு ரெண்டா தெரியுது."

சொல்லிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டான். கையெல்லாம் ஜில்லென்றிருந்தது. தூக்கிக்கொண்டு பக்கத்திலிருந்த கன்டீனுக்கு ஓடினேன். நானா ஆவி பறக்கும் சோற்றில் பருப்பை ஊற்றி, ஓரத்தில் தேங்காய்ச் சம்பல் வைத்துக் கொண்டுவந்தார்.

மோப்பம் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே பிள்ளைகள் மண்டபத்துக்குள் போக ஆரம்பித்துவிட்டார்கள்.

"இதத் தின்னுட்டு உள்ள போயி வயிறு கலக்குனா?"

"தின்னாட்டி நீ உள்ளயே போகமாட்ட."

"நீயும் எங்கூட தின்னுறியா?"

நான் ஏற்கெனவே வயிறு முட்ட ரொட்டி தின்றிருந்தேன். ஆனாலும் அதே தட்டில் கை வைத்தேன். அவன் மோந்து பார்க்கவில்லை. மருந்து விழுங்குவதுபோல் முதல் கவளத்தை விழுங்கினான். அப்புறம் ஒன்று. அப்புறம் தட்டில் எனக்கு இடமே இல்லை. இன்னும் கொஞ்சம் சோறு கேட்டபோது நானா முகத்தைத் திருப்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். வெங்காயம் உரித்ததால் என்றார்.

மண்டபத்தில் அவனுக்குப் பின் மேசை எனக்கு. அவன் சற்று நெளிந்தால் எனக்குப் பேனா நின்றுவிடும். வயிற்றைத் தடவினால் கதவு எவ்வளவு தூரம் என்று பார்ப்பேன். பாதி நேரத்தில் திடீரென்று கையைத் தூக்கினான். முடிந்தது என்று நினைத்தேன். கண்காணிப்பாளர் அவனருகே போய்க் குனிந்தார். எழுதத் தாள் போதவில்லையாம்.

வெளியே வந்ததும் ஓடிப்போய்க் கேட்டேன்:

"வயிறு எப்பிடி?"

"பசிக்குது மச்சான்."

அதோடு அவன் மாறிவிட்டான் என்று சொன்னால் பொய். இப்போது கொடகவெலப் பக்கம் பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறான். கல்யாண வீடுகளில் அவனைப் பந்தியில் உட்கார வைப்பது இன்னும் பெரும்பாடு. தினமும் மதியம் எனக்கு போன் எடுத்து, "சாப்ட்டியா?" என்பான். என்ன சாப்பிட்டேன் என்று சொல்லும்வரை வைக்க மாட்டான். என் மனைவி சிரிப்பாள்.

அந்த போன் வராத நாட்களில் எனக்குச் சோறு இறங்குவதில்லை.